முகம் மட்டும் பாக்கி

தருமபுரி
14-2-1943

பட்டாளத்தில் இருக்கும் என் பிரியமுள்ள வீட்டுக்காரருக்கு ராயம்மாள் எழுதுவது. தேவமாதா தயவில் நானும் மகள் மதலேனும் சுகம். நீங்களும் அப்படியே இருக்கத் தினமும் செபிக்கிறோம். நீங்கள் இருக்கிற ஊரின் பெயரை எழுதக்கூடாதாமே! எங்கும் மணல் என்று நீங்கள் எழுதியதால், மதலேன் தானே அதற்கு 'மணலூர்' என்று பெயர் வைத்துவிட்டாள். இந்த வருஷம் ராகி பரவாயில்லை. மண்ணெண்ணெய்தான் கிடைப்பதில்லை.

ஒரு சேதி சொல்லவேண்டும். கோபிக்காமல் முழுதும் படியுங்கள்.

கம்பைநல்லூர் தானிய வியாபாரி கருப்பண்ணன் மனைவியோடு வந்து, நீங்கள் பாதி வரைந்து விட்டுப்போன அவர் படத்தைக் கேட்டார். சட்டை, அங்கவஸ்திரம், நாற்காலி எல்லாம் முடிந்து முகம் மட்டும் பாக்கி நின்றதே, அதுதான். சேலத்தில் ஓர் ஓவியரிடம் கொடுத்து முடித்துக்கொள்வதாகச் சொன்னார். எனக்கு மனசு பொறுக்கவில்லை. உங்கள் படத்தில் வேறொருவர் கை வைப்பதா? இத்தனை வருஷமாக உங்கள் படங்களில் ஜரிகையும் நகையும் தீட்டியவள் நான். முகத்தை மட்டும் நீங்கள் தொடவிட்டதில்லை. நானே முடித்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஒரு பெண்பிள்ளை எதிரில் முகத்தைக் காட்டிக்கொண்டு உட்காருவதா என்று அவர் தயங்கினார். அவர் மனைவி முனியம்மாள்தான், "நீங்க ஒண்ணும் பாக்க வேணாம். அவுங்க பாத்தாப் போதும், உக்காருங்க" என்று அதட்டினார்.

உட்கார்ந்தவர் சற்று நேரத்தில் தூங்கிப்போனார். அதுவும் நல்லதாயிற்று, கூச்சமில்லாமல் பார்த்து வரைந்தேன். கண்ணுக்கு மட்டும் எழுப்ப வேண்டியிருந்தது. அவருக்கு இடது இமை கொஞ்சம் இறங்கியிருக்கும். நீங்களாக இருந்தால் நிமிர்த்தியிருப்பீர்கள். நான் இருந்தபடியே விட்டேன்.

படத்தைப் பார்த்ததும் அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. இமையைச் சரிசெய்யச் சொன்னார். முனியம்மாள் விடவில்லை. "இவருதாங்க. இப்படித்தான் என்னைப் பாப்பாரு. ஒண்ணும் மாத்தாதீங்க" என்று சொல்லி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். படம் மாட்டுவண்டியில் வைக்கோல் மேல் படுத்துக்கொண்டு ஊர் போனது. கீழே உங்கள் பெயரைத்தான் எழுதினேன்.

அதன் பிறகு நடந்ததைக் கேளுங்கள். ஆண்பிள்ளை எதிரில் உட்கார மாட்டோம் என்றிருந்த பெண்கள் இப்போது ஒவ்வொருவராக வருகிறார்கள். அதியமான்கோட்டைச் சின்னம்மாள் தங்கையின் நகைகளையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு வந்தார். கழுத்தே தெரியவில்லை. தங்கையும் கூடவே வந்து, தன் அட்டிகை சரியாக வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் படத்தின் கீழே என் பெயரை எழுதிவிட்டேன். உங்களுக்குக் கோபமா, சந்தோஷமா? சந்தோஷம் என்றால் பெரிய எழுத்தில் எழுதுங்கள். வெள்ளை வர்ணம் தீரப்போகிறது, பெங்களூருக்குச் சொல்லியனுப்பியிருக்கிறேன்.

மதலேன் கேட்டாளென்று உங்கள் முகத்தையும் வரைந்து பார்த்தேன். நெற்றி வந்தது, மூக்கு வந்தது. சிரிப்பு மட்டும் பிடிபடவில்லை. நினைவை வைத்து அதை முடிக்க எனக்கு மனமில்லை. சண்டை முடிந்ததும் நேரே வந்து முகத்தைக் காட்டுங்கள். மாதா உங்களைக் குறைவில்லாமல் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

வழி பார்த்திருக்கும்,
ராயம்மாள்