கண்ணாடியில் வந்த சிவப்புக் கார்

கண்ணாடி வெச்சுப் படம் பார்த்த என் அப்பாவுக்கு,

அங்கே ரோடெல்லாம் எப்படி இருக்கு? பள்ளம் இல்லாம இருக்கா? இங்கே நம்ம ஒரத்தநாட்டு ரோட்டில் நீங்க பேர் வெச்ச பள்ளங்கள் எல்லாம் சௌக்கியம். பெரியவருக்குப் பக்கத்துல புதுசா ஒரு சின்னவரும் வந்திருக்கார்.

முதல்ல ஒரு விஷயத்தைச் சொல்லிடுறேன், திட்டக் கூடாது. நம்ம படம் திருப்பிப் போட்ட படம் இல்லைப்பா. அது நேராத்தான் இருந்திருக்கு. நாமதான் அதைக் கண்ணாடியில காட்டித் திருப்பிட்டோம்.

தப்பு உங்க மேல மட்டும் இல்லை. செல்போன் கடையில ஏத்தித் தர்ற படங்கள்ல பாதி இடம் வலமாத்தானே இருக்கும்? திருட்டுப் படம்னு மாட்டிக்காம இருக்கத் திருப்பிப் போடுறாங்கன்னு யாரோ உங்களுக்குச் சொன்னாங்க. ஹீரோ இடது கையால சோறு சாப்பிடுவார், பஸ்ஸெல்லாம் ரோட்டுக்கு வலது பக்கம் போகும். அந்த வெளிநாட்டுப் படத்துல ஸ்டியரிங் இடது பக்கம் இருந்ததும், "இதையும் திருப்பிட்டானுங்க பாப்பா"ன்னு சொல்லி, அம்மா பொட்டு வைக்கிற கண்ணாடியைக் கழட்டிட்டு வந்துட்டீங்க. நம்ம குட்டியானை லோடு வண்டியோட டேஷ்போர்டுல கண்ணாடி. நமக்குப் பின்னாடி, சீட்டுக்கு மேல செல்போன். லோடு இல்லாத மத்தியானங்கள்ல அதுதான் நம்ம தியேட்டர்.

"நான் பொட்டை எங்க வெச்சுக்கறது, மூக்குலயா?"ன்னு அம்மா வாசல்ல நின்னு கேட்பாங்க. நீங்க வால்யூமைக் கூட்டுவீங்க.

கடைப் பலகையில எழுத்தெல்லாம் திரும்பி இருக்கேன்னு நான் கேட்டப்போ, "அது அந்த ஊர் பாஷை"ன்னு சொன்னீங்க. நானும் நம்பினேன். பத்தாவதோட நின்னவளுக்கு எத்தனை பாஷை தெரியும்?

போன வாரம் உங்க செல்லை எடுத்து, கண்ணாடி இல்லாம நேராப் பார்த்தேன். பலகையில எல்லாம் நல்ல இங்கிலீஷ் எழுத்து! கார் மட்டும் வலது பக்கம் போகுது. அந்த ஊர்ல ரோடே அப்படித்தானாம். எனக்குச் சிரிப்பு வந்துச்சு, அப்புறம் உங்ககிட்ட சொல்ல முடியலையேன்னு இருந்துச்சு. அதான் இந்தக் கடிதம்.

அந்தப் படத்துல அப்படி என்னப்பா இருந்துச்சு? கடலோர ஊர்ல நடக்குற தன் கல்யாணத்துக்குப் போற பொண்ணு, ரயில் ஓடாததால ஒரு தாடிக்காரனோட பழைய சிவப்புக் கார்ல ஏறுறா. வழியெல்லாம் சண்டை. மேப்பைப் பிடுங்கி ஜன்னல் வழியா எறியுறா. அப்புறம் ரெண்டு பேரும் சூரியகாந்தி வயல்ல இறங்கி அதையே தேடுறாங்க. நின்ன ஊர்லயெல்லாம் யாராவது கூப்பிட்டுச் சாப்பாடு போடுறாங்க. கதை அவ்வளவுதான். ஒருத்தரும் அடிச்சுக்கல, ஒருத்தரும் சாகல. "பாரு பாப்பா, படம் முழுக்க ஒரு ஆஸ்பத்திரி கூடக் கிடையாது"ன்னு பெருமையாச் சொல்வீங்க. மனசு லேசா இருக்கும். இறங்கி வரும்போது நம்ம தெருவே கொஞ்சம் அகலமான மாதிரி தெரியும்.

பாஷை புரியாததால வசனமெல்லாம் நீங்கதான் பேசுவீங்க. தாடிக்காரன் வயலைக் கை காட்டினா, "இதெல்லாம் தாளடி நெல்லுங்க. மேட்டூர்ல தண்ணி விட்டாத்தான் பொழைக்கும்." அந்தப் பொண்ணு முறைச்சா, "வண்டியப் பாத்து ஓட்டுய்யா, அப்புறம் விவசாயம் பேசலாம்." கடைசி சீனுக்கு மட்டும் குரலைத் தாழ்த்துவீங்க. கல்யாண வாசல்ல இறங்கினவ, தொப்பியை விட்டுட்டேன்னு கார்கிட்ட திரும்பி வந்து, எடுக்காம ஏறி உட்கார்ந்துடுவாளே, அந்த சீன். "வெயில் ஜாஸ்தியா இருக்கு, கொஞ்சம் உக்காந்துக்குறேங்க"ன்னு சொல்வீங்க. நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். அம்மா மட்டும் அந்த நேரம் பார்த்து, பைப்புல தண்ணி வந்துடுச்சுன்னு போயிடுவாங்க. "கல்யாணப் பொண்ணு கண்டவன் கார்ல ஏறிப் போறா, இதெல்லாம் ஒரு கதை"ன்னு ஒரு நாளும் முடிவைப் பார்த்ததில்லை.

இப்போ வண்டி விஷயம். நீங்க எங்களை விட்டுப் போனதுக்கு அப்புறம் ஒரு டிரைவரும் நிலைக்கல. வண்டி வேப்ப மரத்தடியில சும்மா நின்னுச்சு. கோழி முட்டை வெச்சுது. நாகூர்ல கருவாட்டு வியாபாரம் பண்ற ஒரு அக்காவுக்கு வித்துடலாம்னு அம்மா பேசி முடிச்சுட்டாங்க.

"நான் ஓட்டுறேம்மா, லைசென்ஸ் இருக்குல்ல?"ன்னு கேட்டேன். அடுப்பைப் பார்த்துக்கிட்டுத்தான் கேட்டேன்.

"ஹார்ன் அடிக்கவே வெக்கப்படுற பொண்ணு. நீ ஓட்டி, எந்த லோடு எந்த ஊருக்குப் போய்ச் சேரும்?"

அம்மா சொன்னது நிஜம்தாம்ப்பா. முன்னாடி போறவங்களை ஹார்ன் அடிச்சுக் கூப்பிட்டா திரும்பிப் பார்ப்பாங்களே! முகம் தெரியாதவங்களை எப்படி அப்படிக் கூப்பிடறது?

வண்டியைக் கொண்டுபோய் விட வர்றதா இருந்த மாமாவுக்கு, கிளம்புற அன்னிக்குக் கண்ணு சிவந்து ஒட்டிக்கிச்சு. அதனால நான் ஓட்டினேன். பக்கத்துல அம்மா, மடியில புளிச்சோத்துத் தூக்கு, முகத்துல கோபம்.

மன்னார்குடி தாண்டினதும் ரோடு முழுக்க வாத்து. அறுத்த வயல்ல மேய்ச்சுட்டு ஓட்டிட்டுப் போறாங்க. நானும் பின்னாடியே போனேன்.

"ஹார்ன் அடிடி."

"அதுவா ஒதுங்கிடும்மா."

"எங்க ஒதுங்கும்? திருவாரூர் வரைக்கும் நமக்கு வழி காட்டிக்கிட்டே போகும்."

வாத்துக்காரர் திரும்பிப் பார்த்துட்டு ஓடி வந்தார். "ஏம்மா, வண்டி மக்கரா? தள்ளி விடவா?" அம்மா தலையில அடிச்சுக்கிட்டாங்க.

அடுத்து ஒரு வளைவு. ரோட்டுக்கு இடது பாதி முழுக்க நெல்லைக் காயப்போட்டு, ஓரத்துல கல்லு வெச்சிருந்தாங்க. நெல்லு மேல வண்டியை ஏத்தலாமா? வலது பக்கம் ஏறினேன். எதிர்ல என்ன வருதுன்னு தெரியல. பெரிய பஸ்ஸோட உறுமல் மட்டும் கேக்குது.

"பாப்பா!" அம்மா கத்தினாங்க.

அடிச்சேம்ப்பா. கண்ணை மட்டும் மூடல, மத்தபடி உடம்பு முழுக்க மூடிக்கிச்சு. நீங்க ஆசைப்பட்டு மாட்டின ஹார்னாச்சே! சளி பிடிச்ச நாதஸ்வரம் மாதிரி ஊரே கேக்குற மாதிரி அலறுச்சு. நெல்லைக் காலால கிளறிக்கிட்டிருந்த அக்கா துள்ளிக் குதிச்சாங்க. பஸ் நின்னுடுச்சு. கண்டக்டர் தலையை நீட்டி, "வா தாயி, மாப்பிள்ளை அழைப்பா? முன்னாடி போ!"ன்னு கையைக் காட்டினார். பஸ்ஸே சிரிச்சுது. எல்லாரும் என்னைப் பார்த்தாங்க. பார்த்தாங்க, அவ்வளவுதான். அதுக்கு மேல ஒண்ணும் ஆகலை. இத்தனை நாளா என்ன ஆகும்னு நினைச்சேன்?

வலது பக்கமா ஓட்டிக்கிட்டே, "இப்படித்தாம்மா அந்தப் படத்துல போவாங்க"ன்னு கண்ணாடிக் கதையைச் சொன்னேன். அம்மா முழுக் கதையையும் கேட்டாங்க. அப்புறம், "நேரா இருந்த படத்தைக் கோணலாப் பாக்கவா அந்த மனுஷன் என்னைக் கண்ணாடி இல்லாம அலைய விட்டாரு?"ன்னு கேட்டு ஆரம்பிச்ச சிரிப்பு, தூக்கு மூடி தெறிக்கிற அளவுக்கு வந்துச்சு. நீங்க போனதுக்கப்புறம் இப்பத்தான் சிரிச்சாங்க.

கண்ணைத் துடைச்சுட்டு, "அந்தப் பொண்ணு கடைசியில யாரைக் கட்டிக்கிச்சு?"

"சொல்ல மாட்டேன். நீங்களே பாருங்க."

நாகூர்ல கருவாட்டுக் கடை வாசல்ல வண்டியை நிறுத்தினேன். அந்த அக்கா வந்து சுத்திப் பார்த்தாங்க. அம்மா சாவியை வாங்கிக்கிட்டு இறங்கினாங்க. நாலு எட்டு நடந்தவங்க, "சோத்துத் தூக்கை விட்டுட்டேன்"னு திரும்பி வந்தாங்க. தூக்கைத் தொட்டாங்க, எடுக்கல. ஏறி உட்கார்ந்தாங்க.

"அம்மா?"

"வெயில் ஜாஸ்தியா இருக்கு. கொஞ்சம் உக்காந்துக்குறேன்."

பைப்படி வரைக்கும் உங்க குரல் கேட்டிருக்குமாப்பா? தண்ணி வராத நாள்ல கூட அங்கே நின்னுதான் கேட்டாங்களா? நான் கேட்கல. அம்மா முகத்தைப் பார்த்தா கேட்கத் தோணல.

அக்கா இடுப்புல கை வெச்சு நின்னாங்க. "விக்க வந்தவங்க ஏறி உக்காந்துட்டா, நான் என்ன டிக்கெட்டா குடுக்குறது?"

அம்மா என்னைப் பார்த்தாங்க. சாவியை என் கையில வெச்சுட்டு, ரோட்டைப் பார்த்து உட்கார்ந்துட்டாங்க. நான்தான் சொல்லணும்.

"வண்டி விக்கலைங்கக்கா"ன்னேன். காத்துதான் வந்துச்சு. அதனால இன்னொரு தடவை, தெருவுக்கே கேக்குற மாதிரி சொன்னேன். "டிரைவர் இருக்குங்க. நான்தான்."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாங்க. "இவ்வளவு சத்தம் உள்ள இருந்துச்சா? சரி, காலியாவா திரும்புவ? தஞ்சாவூருக்கு நாலு கூடை கருவாடு போகணும். ஏத்திக்க."

வண்டி காலியாத் திரும்பக் கூடாதுன்னு சொல்வீங்களே, அப்படியே திரும்பினோம், கருவாட்டு லோடோட. வழி நெடுக அம்மா மூக்கைப் பொத்திக்கிட்டு, நான் அவசியமே இல்லாம ஹார்ன் அடிச்சுக்கிட்டு. இப்போ வாரா வாரம் நாகூர் லோடு. குளிச்சாலும் நாத்தம் போகலைன்னு அம்மா என்னைத் தனியா உட்கார வெச்சுத்தான் சோறு போடுறாங்க.

ஒண்ணு சத்தியமாச் சொல்றேன். அடுத்த லோடில்லாத மத்தியானம் அம்மாவை வண்டியில உட்கார வெச்சு, அந்தப் படத்தைக் கடைசி வரைக்கும் காட்டிடுவேன். நேராக் காட்ட மாட்டேன், பொட்டுக் கண்ணாடியிலதான். நேராப் பார்த்தா அந்தச் சிவப்புக் கார் அவங்க ஊர் ரோட்டில போகுதுப்பா. கண்ணாடியில பார்த்தாத்தான் நம்ம பக்கமா வருது.

இப்படிக்கு,
வளைவு வந்தா ஹார்ன் அடிக்கிற
உங்க பாப்பா