மஸீனாவுக்குப் பதிலாக மஹ்ரூப்

2 ஏப்ரல் 1974

முதியோர் வகுப்பில் எழுத்துக் கூட்டக் கற்றதிலிருந்து கை சும்மா இருப்பதில்லை. பள்ளிவாசல் சுவர், தீப்பெட்டி, பஸ் பலகை, எதையும் வாசிக்காமல் விடுவதில்லை. அறுபத்தெட்டு வயதில் தினமும் பெருநாள்! ஒரு பக்கம் எழுதினால் விரல் கடுக்கிறது. கடுக்கட்டும்.

ஆனால் இன்றைக்கு மனம் சரியில்லை. பேத்தி மஸீனா பொழுது சாயும் மஃரிப் நேரம் மறுபடியும் கதவு நிலையில் முட்டிக்கொண்டாள். நாலு வயது. பகலில் நன்றாகத்தான் ஓடுகிறாள். மருமகள் றமீஸாவிடம் சொன்னால், "வெளயாட்டுப் புத்தி மாமா" என்கிறாள். பிள்ளையின் கை முருங்கைக்காய் மாதிரி. விளையாட்டுப் புத்தியாம்!

5 ஏப்ரல்

பிள்ளைகளின் நலனை ஆராய ஜீப்பில் வந்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்து நர்ஸ் மிஸ்ஸி ஒருவர், பெயர் சந்திரவதனா. வீடு வீடாகப் போய்ச் சின்னப் பிள்ளைகளை நிறுப்பார்களாம். மெலிந்த பிள்ளைகள் உள்ள ஊருக்குப் பால்மா வரும். "சின்னனில பிள்ளைக்குப் போடுறது, வளர்ந்தாப் பிறகு பல மடங்காத் திரும்பி வரும் ஐயா" என்றார். ஆயுள் முழுக்க மிளகும் கொக்கோவும் விற்றேன். இப்படி ஒரு சரக்கு என் கைக்கு வரவில்லையே!

9 ஏப்ரல்

யா அல்லாஹ், இந்தப் பெண்களை என்ன செய்வது?

லுஹர் தொழுதுவிட்டு வந்தேன். ஜீப் போய்விட்டது. முற்றத்தில் பக்கத்து வீட்டு ஜுனைதாவின் மகன் மஹ்ரூப், கொழுகொழுவென்று, வாழைப்பழம் தின்றுகொண்டு நிற்கிறான். உடம்பில் மஸீனாவின் மஞ்சள் சட்டை! மஸீனா எங்கே? றமீஸா குசினிக்குள் அடுப்படியில் பூட்டி வைத்திருக்கிறாள்.

"விருந்தாளி வந்தா நல்ல பிங்கான்தானே எடுத்து வைக்கிறோம் மாமா?" என்கிறாள் றமீஸா. "எலும்பும் தோலுமாக் காட்டினா, நான் புள்ளயப் பட்டினி போடுறேன்னு எழுதிட்டுப் போவாங்க."

இது போதாதென்று அடுத்த வீட்டிலும் அவனைத்தான் காட்டினார்களாம், வேலிக்குப் பின்னால் தூக்கிப் போய், தொப்பி போட்டு. ஒரே பிள்ளை, மூன்று வீட்டுக்கு! ஆராய்ச்சியாம் ஆராய்ச்சி!

10 ஏப்ரல்

கோபத்தில் எழுத்து வரவில்லை.

16 ஏப்ரல்

ஜீப் இன்று பக்கத்து ஊர் நாலந்தாவில் என்று கேள்விப்பட்டு, மஸீனாவைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். "ஊர் சிரிக்கும் மாமா" என்று றமீஸா வாசல்வரை கத்தினாள். சிரிக்கட்டுமே!

மிஸ்ஸி தாளைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். "மஸீனா முப்பத்தெட்டு இறாத்தல் எண்டெல்லோ இருக்கு. இது ஆர்?"

"இதுதான் மஸீனா."

"அப்ப அது?"

"அது மஹ்ரூப். ஆம்புளப் புள்ள."

முதலில் சிரித்தார். தராசு இருபத்துநாலில் நின்றதும் சிரிப்புப் போய்விட்டது. மாலையில் முட்டிக்கொள்வதைச் சொன்னேன். கண்ணை விரித்துப் பார்த்தார். "சாப்பாட்டில சத்துக் காணாது. இப்பிடியே விட்டா பார்வை போயிடும் ஐயா. உங்கட ஊரில மெலிஞ்ச பிள்ளையே இல்லையெண்டு, பால்மாவை வேற ஊருக்கு எழுதியாச்சு."

வெள்ளிக்கிழமை எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மறுபடி நிறுக்கச் சம்மதித்தார். அதற்கும் ஆள் வராவிட்டால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாதாம். மீன் எண்ணெய்ப் போத்தல் ஒன்று தந்தார்.

றமீஸாவிடம் சொன்னேன். கண் என்றதும் பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். அழுகைச் சத்தம் கேட்டது. அதற்காக என்னை மன்னித்துவிட்டாள் என்று இல்லை. சோற்றுப் பிங்கானை டொக்கென்று வைத்தாள்.

19 ஏப்ரல்

பள்ளிக்கூடத்தில் தராசு தொங்குகிறது, மிஸ்ஸி நிற்கிறார், ஒரு சனம் இல்லை. வாசலில் நின்ற என்னைப் பார்த்து, "காட்டிக் குடுத்த கெழவன்" என்று ஒருத்தி காதுபடச் சொல்லிவிட்டுப் போனாள். எல்லாம் என் தலையெழுத்து. இந்த ஊருக்கு நல்லது செய்ய நினைத்தவனை உதைக்க வேண்டும்.

அப்போது றமீஸா வந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டு, மஸீனாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, நடு ரோட்டில். பிள்ளைக்குச் சட்டைகூடப் போடவில்லை. எலும்பை எல்லோரும் பார்க்கட்டும் என்றா? கேட்கப் பயமாக இருந்தது. "சரியா நிறுத்து எழுதுங்க மிஸ்ஸி" என்றாள்.

பிறகு ஒருத்தி, பிறகு இன்னொருத்தி. கடைசியாக ஜுனைதா வந்தாள். மஹ்ரூப் இல்லை. குச்சியாய் மெலிந்த அவன் அக்கா ஹவ்வாவின் கையைப் பிடித்திருந்தாள். அந்த வீட்டு முட்டையெல்லாம் யார் வாய்க்குப் போயிற்று என்று அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது.

11 ஜூன்

பால்மா கிடைக்கிறது. ஒவ்வொரு மாதமும் நிறுக்கிறார்கள்.

2 ஜூலை

மஃரிப் நேரம், விளக்கு ஏற்றுவதற்கு முன்பே, மஸீனா முற்றத்தில் கோழிக்குஞ்சைத் துரத்திப் பிடித்தாள். நான் கண்டேன்.

6 செப்டம்பர்

மஸீனா முப்பத்திரண்டு இறாத்தல். பிள்ளை தேறிவிட்டது, இந்த மாதத்தோடு பால்மா நிற்கும் என்றார் மிஸ்ஸி. வந்ததே றமீஸாவுக்கு ஆவேசம்!

"என்ன மிஸ்ஸி, புள்ளயப் பாருங்க, ஊதினாப் பறந்துடும்! ஒங்கட தராசு பழுது. இன்னொருக்கா நிறுங்க!"

வரிசையில் நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பிள்ளையோ கன்னம் உப்பப் பணிஸ் தின்றுகொண்டிருக்கிறாள். மிஸ்ஸி மறுபடி நிறுத்தார். முள் அதே முப்பத்திரண்டில் நின்றது. கிட்டப் போய் நானே வாசித்தேன்.

"என்ன மாமா காட்டுது? சொல்லுங்களேன்!" என்றாள்.

எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன்.