நீ "நிண்டுடட்டே" எண்டு கேட்ட இடம்

என்ர கட்டையா,

ஆறடி வளர்ந்த பிறகும் உன்னைக் கட்டையன் எண்டுதான் வீட்டில கூப்பிட்டம். பத்து வயசு வரைக்கும் வளராமல் நிண்டுபோட்டு, பிறகு ஒரே வருசத்தில வேலிக்கு மேலால எட்டிப் பாக்கிற அளவுக்கு வளர்ந்தவன் நீ. பேர் மட்டும் மாறேல்லை. இண்டைக்கு உன்னை அப்பிடிக் கூப்பிட நான் ஒருத்திதான் மிச்சம்.

ஒவ்வொரு வருசமும் உன்ர திவசத்துக்கு இங்கத்தைத் தமிழ்ப் பேப்பரில உன்ர படம் போட்டு அஞ்சலி போடுறனாங்கள். அதில வாற வரியளை நான் எழுதிறேல்லை, பேப்பர்க்காரர்தான் எழுதித் தருவினம். நான் ஐஞ்சாம் வகுப்போட நிண்டவள் எண்டு உனக்குத் தெரியும்தானே. இந்த முறை நானே எழுதிறன் எண்டு சொல்லிப்போட்டன். உனக்கும் எனக்கும் இடையில நடந்த ஒரு கதை இருக்கு. இருபத்தேழு வருசமா அது ஆருக்கும் தெரியாது. இனி எல்லாரும் அறியட்டும்.

போன மாதம் நான் பெரு நாட்டுக்குப் போயிட்டு வந்தனான். நீ கடைசியா என்னோட கதைச்ச இடத்துக்கு.

உனக்குத் தெரிஞ்ச கதைதான், வாசிக்கிற ஆக்களுக்காகச் சொல்லுறன். கனடாவுக்கு எண்டு கொழும்பில ஏறின உன்னையும் இன்னும் பத்துப் பெடியளையும் ஏஜென்சிக்காரன் பெருவில கொண்டுபோய் இறக்கினான். குஸ்கோ எண்ட பட்டணத்துக்குப் பக்கத்தில, திப்போன் எண்ட சின்ன ஊரில ஒரு வீட்டில ஒரு மாதம் வைச்சிருந்தான். ஊருக்கு மேல மலையில, இன்கா எண்ட பழைய காலத்துச் சனங்கள் கட்டின படி படியான வயலும் கல் வாய்க்காலும் இருக்கு. அதைப் பாக்க வந்த ஆக்கள் மாதிரி நடிக்கச் சொல்லி உங்களுக்குத் தொப்பியும் தந்து, கழுத்தில பிலிம் இல்லாத கமராவும் மாட்டிவிட்டவனாம். பிறகு அங்கயிருந்து கொண்டுபோன வழியில, குவாத்தமாலாவில ஒரு மூடின லொறிக்குள்ள நீ மூச்சு முட்டிச் செத்துப்போனாய். உன்னை றோட்டுக்கரையில இறக்கிவிட்டுத்தான் லொறி வெளிக்கிட்டதாம். உன்னோட வந்த யோகன் ரொறன்ரோ வந்து சேர்ந்து, எங்கட வீட்டு வாசலில நிண்டு இதைச் சொன்னவன்.

எல்லாரும் ஏஜென்சிக்காரனைத் திட்டிச்சினம். நானும் சேர்ந்து திட்டினன். அவன் நாசமாப் போகட்டும் எண்டு மண் அள்ளித் தூத்தினன். அவனைத் திட்டத் திட்ட எனக்குக் கொஞ்சம் மூச்சு விடக்கூடிய மாதிரி இருந்தது.

ஆனால் அதுக்கு முதல் பெருவில இருந்து நீ போன் எடுத்தனியெல்லே.

அப்ப நாங்கள் ஸ்காபரோவில வாடகைக்கு இருந்தம். காலமை. அத்தான் வேலைக்குப் போயிட்டார். நானும் பக்ரறிக்குப் போக ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு சப்பாத்துக் கொழுவுறன், போன் அடிக்குது. "சின்னக்கா, நான்தான்" எண்டாய். உன்ர குரலில அப்பிடி ஒரு சந்தோசம். ஊரை விட்டு வெளிக்கிட்ட பிறகு நீ அப்பிடிக் கதைச்சதே இல்லை.

"இஞ்ச தண்ணி ஓடுது சின்னக்கா, கல்லுக்குள்ளால. பக்கத்து வீட்டு ஐயா என்னை வரம்பு வெட்டித் தண்ணி மாற விட்டவர். சோளத்துக்கு. நான் மண்வெட்டி பிடிக்கிறதைப் பாத்திட்டு மனுசன் சிரிக்கிறார், இவனுக்கு ஆர் பழக்கினது எண்டு."

"சரி சரி, எப்ப அங்கால வெளிக்கிடுறியள்?" எண்டு நான் கேட்டன். எனக்கு பஸ் போகப் போகுது.

நீ அதுக்கு ஒண்டு சொன்னாய். பிறகு கேட்டாய், "சின்னக்கா, நான் இஞ்சயே நிண்டுடட்டே?"

நான் என்ன சொன்னனான் எண்டு உனக்கு ஞாபகம் இருக்கும். செத்த ஆக்களுக்கு ஞாபகம் இருக்குமோ எனக்குத் தெரியாது. எனக்கு ஒரு சொல்லும் மறக்கேல்லை. "விசரே உனக்கு? ஒரு தமிழ்ச் சனம் இல்லாத இடத்தில, அந்தக் கல்லுக்குள்ள நிண்டு என்ன செய்யப் போறாய்? பெடியள் எல்லாம் வந்து சேருறாங்கள், நீ மட்டும் நடுவழியில நிண்டியெண்டால் சனம் என்ன சொல்லும்? அம்மாக்கு நான் என்ன சொல்லுறது? உனக்கு பேஸ்மென்றில அறை அடிச்சு, கட்டிலும் போட்டாச்சு. பேசாமல் வா."

"ஓம்" எண்டாய். அவ்வளவுதான். நான் பஸ்ஸுக்கு ஓடிட்டன்.

இதை அத்தானுக்கும் சொல்லேல்லை. அவர் செத்து மூண்டு வருசமாச்சு. அம்மா சாகும்வரைக்கும் போனில கேட்டவ, "அவன் கடைசியா என்ன பிள்ளை கதைச்சவன்?" எண்டு. "சுகமா இருக்கிறன் எண்டவன் அம்மா" எண்டு சொன்னன். அது பொய் இல்லைத்தானே.

இப்ப நான் அஜக்ஸில மகள் தர்சினியோட இருக்கிறன். நீ அவளைக் கண்டதில்லை, நீ போய் அடுத்த வருசம் பிறந்தவள். அவளுக்குச் செல்லம் பொழிய ஒரு மாமன் இல்லாமல் போச்சு. நான் பென்சன் எடுத்த கையோட, "அம்மா, உங்களை ஒரு ட்ரிப் கூட்டிக்கொண்டு போறன், வேர் டு யூ வோன்ற் ரு கோ?" எண்டு கேட்டாள். பழனி, திருச்செந்தூர் எண்டு சொல்லுவன் எண்டு நினைச்சிருப்பாள். பெரு எண்டன். குடிச்சுக்கொண்டிருந்த தேத்தண்ணி புரைக்கேறிப் போச்சு அவளுக்கு.

"அம்மா, எல்லாரும் மச்சுபிச்சு பாக்கத்தான் போறவை, யூ வோன்ற் திஸ் பிளேஸ்?" எண்டு குஸ்கோவில வைச்சும் கேட்டாள். திப்போன்தான் எண்டன். பேரை யோகனிட்டக் கேட்டு ஒரு துண்டில எழுதி வைச்சிருந்தனான்.

நான் என்னத்துக்குப் போனனான் எண்டு உனக்குச் சொல்லோணும். உன்னைத் தேடி இல்லை. அழுறதுக்கும் இல்லை. நான் சொன்னது சரி எண்டு என்ர கண்ணால பாக்கத்தான் போனனான். வெறும் உடைஞ்ச கல்லு, காத்து, ஒரு மனிசன் இருக்கேலாத இடம். அப்பிடி ஒண்டைப் பாத்திட்டால், தம்பி எப்பிடியும் அங்க நிண்டிருக்கேலாது, நான் என்ன செய்யிறது எண்டு மனதைத் தேத்தலாம் எண்டு நினைச்சன். என்ன சென்மம் நான், பாத்தியே.

ராக்ஸியில போனம். ஊருக்குள்ள இறங்க ஒரே இறைச்சி வாசம். முயலுக்கும் எலிக்கும் நடுவில ஒரு பிராணியை முழுசாச் சுட்டு, பல்லுத் தெரிய வைச்சிருக்கினம். தர்சினி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உங்களுக்கும் ஒரு மாதமா அதைத்தான் தந்தவங்கள் எண்டு யோகன் சொன்னவன். நீ மூண்டு பேரின்ர பங்கைத் திண்டனியாம்.

அங்கால ஏத்தம். அந்த உயரத்தில பத்தடி நடக்க நெஞ்சு அடைக்குது. கொக்கா இலை போட்டு ஒரு தேத்தண்ணி தந்தவை, அதைக் குடிச்சும் தலை கழண்டு விழுற மாதிரிக் கிடந்தது. ஒவ்வொரு வயலா நிண்டு நிண்டு ஏறினம். ஒரு வயலுக்கும் அடுத்த வயலுக்கும் நடுவில ஆள் உயரக் கல்மதில். ஏறுறதுக்கு மதிலிலயே கல்லை நீட்டி விட்டிருக்கினம், ஆள் கால் வைக்க. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில என்ர நகம் போகேல்லை.

மேல போனால் மலைக்குள்ளயிருந்து தண்ணி வருது. ஒரு வாய்க்காலா வந்து இரண்டாப் பிரிஞ்சு, நாலா விழுது. பிறகு ஒவ்வொரு வயலா, கல்லு வெட்டின வாய்க்காலால கீழ இறங்குது. கட்டின சனம் செத்து எத்தினையோ நூறு வருசம். தண்ணி இப்பவும் ஓடிக்கொண்டிருக்குது கட்டையா. நான் கையை வைச்சன். ஐஸ் மாதிரி. கையை எடுக்க மனம் வரேல்லை. வைச்சிருக்கவும் ஏலாமக் கிடந்தது.

"வாவ் அம்மா, எவ்வளவு பியூட்டிபுல்" எண்டு தர்சினி படம் எடுத்தாள். அது ஏன் வடிவா இருக்கோணும்? அது ஏன் வறண்டு போகேல்லை?

அப்பவும் நான் விடேல்லை. இது சும்மா பாக்கிறதுக்கு விட்ட தண்ணி, இதை வைச்சு ஆர் சீவிக்கிறது எண்டு எனக்குள்ள சொல்லிக்கொண்டு கீழ இறங்கினன். இறங்கி வந்தால், மதிலுகள் முடியிற இடத்தில தோட்டங்கள். சோளம், கிழங்கு, பயத்தங்காய் மாதிரி ஏதோ. தொப்பி போட்ட ஒரு மனிசி, என்ர வயசு இருக்கும், மண்வெட்டியால வரம்பை வெட்டித் தண்ணி மாறிக்கொண்டு நிக்கிறா. மேலயிருந்து வாற அதே தண்ணி.

தர்சினிக்குப் பள்ளிக்கூடத்தில படிச்ச ஸ்பானிஷ் கொஞ்சம் தெரியும். "கேள், இந்தத் தண்ணி ஆருக்குச் சொந்தம்?" எண்டன்.

மனிசி நிமிர்ந்து இடுப்பைப் பிடிச்சுக்கொண்டு சொன்னா. ஊருக்குத்தானாம். வருசத்தில ஒருக்கா எல்லாருமாச் சேர்ந்து வாய்க்கால் துப்பரவாக்குவினமாம். அண்டைக்கு வந்து மண்ணள்ளின ஆளுக்குத் தண்ணி முறை உண்டாம். வராட்டில் இல்லையாம்.

"வேற ஊர் ஆள் எண்டால்?" எண்டு கேக்கச் சொன்னன்.

தர்சினி கேட்டாள். மனிசி சிரிச்சா. "அவவின்ர ஹஸ்பண்டே வேற ஊராம் அம்மா, தூரத்தில இருந்து வேலை தேடி வந்தவராம். வாய்க்கால் துப்பரவாக்க ஆள் காணாதெண்டு கூப்பிட்டவையாம், பிறகு போகேல்லையாம்."

"வேற நாட்டு ஆள் எண்டால்?"

"அம்மா, வட் கைன்ட் ஒவ் குவெஸ்சன் இஸ் தற்?"

"நீ கேள் பிள்ளை."

அந்த மனிசி என்னை மேலையும் கீழையும் பாத்தா. நான்தான் வந்து இருக்கப் போறன் எண்டு நினைச்சிட்டா போல. மண்வெட்டியை என்னட்ட நீட்டி ஏதோ சொன்னா. தர்சினிக்குச் சிரிப்புத் தாங்கேல்லை. "இது பிடிக்கத் தெரிஞ்சால் சரியாம் அம்மா. இப்பவே தொடங்கட்டாம்."

நான் அந்த வரம்பில இருந்திட்டன். அவ பயந்துபோய்ப் போத்திலில தண்ணி தந்தா, மலை வருத்தம் எண்டு நினைச்சு. அந்தச் சோளத்துக்குள்ள வைச்சுத்தான் மகளுக்கு முதல் முதலா எல்லாத்தையும் சொன்னன்.

அவள் என்ர கையைப் பிடிச்சுக்கொண்டாள். பிறகு சொன்னாள், "அம்மா, உங்களுக்கு எப்பிடித் தெரியும் மாமாக்கு இப்பிடி நடக்குமெண்டு? யூ குட்ன்ற் ஹாவ் நோன்."

எல்லாரும் அதைத்தான் சொல்லுவினம். இதை வாசிக்கிற ஆக்களும் அதைத்தான் சொல்லப் போகினம். அதுக்குத்தான் மிச்சத்தையும் எழுதிறன்.

எனக்குத் தெரியும்.

ஊரில ஷெல் அடிக்கேக்க நாங்கள் எல்லாரும் பங்கருக்குள்ள இறங்குவம். நீ இறங்கமாட்டாய். ஒருநாள் நான்தான் உன்னை இழுத்து உள்ள விட்டனான். உன்ர வாய் நீலமாப் போய், சட்டையைக் கிழிச்சுக்கொண்டு வெளியில பாய்ஞ்சனி. பிறகு ஷெல் விழ விழ வாழைக்குக் கீழ குந்திக்கொண்டிருப்பாய். உனக்கு மூடின இடம் ஏலாது எண்டு இந்த உலகத்தில வடிவாத் தெரிஞ்ச ஆள் நான். அண்டைக்குப் போனில, நிண்டுடட்டே எண்டு கேக்க முதல் நீ ஒண்டு சொன்னாய். "அடுத்தது மூடின லொறியாம் சின்னக்கா" எண்டாய். நான் கேட்டனான். எனக்கு விளங்கினது. விளங்கிக்கொண்டுதான் சொன்னனான், "கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு இரு, முடிஞ்சிடும்."

இதையும் அந்த வரம்பில வைச்சே சொன்னன், தர்சினி கையை எடுக்கேல்லை. ஆனால் உங்களுக்கு எப்பிடித் தெரியும் எண்டு அவள் பிறகு கேக்கேல்லை.

திரும்பி வந்து ஒரு மாதமாச்சு. நித்திரை, சாப்பாடு எல்லாம் நடக்குது. யோகன் வந்து பாத்தவன், தன்ர மகளின்ர கலியாணக் கார்ட்டோட. அங்க எப்பிடி இருந்தது அக்கா எண்டு கேட்டான். நல்ல இடம் தம்பி எண்டன். அவன் தலையைக் குனிஞ்சுகொண்டு, "ஓம் அக்கா, அவன் வரமாட்டன் எண்டுதான் நிண்டவன். பிறகு உங்களோட கதைச்சிட்டு வந்து உடுப்புப் பையைக் கட்டினவன்" எண்டான். அவனுக்கு இவ்வளவு காலமும் தெரிஞ்சிருக்கு. ஒரு நாளும் அவன் என்னைக் கேக்கேல்லை.

உனக்கு இப்ப ஐம்பத்தொண்டு. அந்த மனிசி மாதிரி ஒருத்தியைக் கட்டி, எனக்கு விளங்காத பாஷை கதைக்கிற பிள்ளையளோட, வருசத்துக்கு ஒருக்கா வாய்க்காலில இறங்கி மண்ணள்ளிக்கொண்டு இருந்திருப்பாய். நான் அஜக்ஸிலயிருந்து போன் எடுத்து, ஏன்ரா கனடா வரேல்லை எண்டு இப்பவும் உன்னை ஏசிக்கொண்டு இருந்திருப்பன். அந்த ஏச்சு உனக்குக் கிடைக்காமல் போச்சு. மன்னிப்புக் கேக்க எனக்கு வாய் வரேல்லை கட்டையா. கேட்டாலும் தர நீ இல்லை.

ஒண்டு மட்டும் செய்யிறன். இனி என்ர வீட்டில ஆரும் "எனக்கு ஏலாது" எண்டு வாய் திறந்தால், ஏன் எண்டு கேக்க முதல் சரி எண்டு சொல்லுவன். இது சத்தியம். உனக்கு இது உதவாது எண்டும் தெரியும்.

நான் உன்னை அப்பிடியே விட்டிருந்தால், "உன்ர விருப்பம்டா" எண்டு அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லியிருந்தால், நீ அங்க நிண்டிருப்பியே?

உன்ர சின்னக்கா