மூட்ட அறையில் வந்த வாயு

மதுரை
9 ஜனவரி 1939

அன்பு மகன் உமர் பாரூக்குக்கு அம்மா ஸலாம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணன் வீட்டாரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், பம்பாயில் நீயும் அப்படியே இருக்க அல்லாஹ்விடம் கேட்கிறேன். நம் வாழை மண்டியில் தீப்பிடித்ததும், உன் படிப்புக்கு இழுக்கு வரக்கூடாதென்று நான்தான் கூலியாள் சோலையின் மேல் பழி போட்டதாகத் தெருவில் பேசுகிறார்கள். அது பொய். பழி போட்டது உன் அண்ணன் ஜமீல்.

பெருநாளுக்கு வந்தபோது நீ மண்டியில் உட்கார்ந்து, புகைமூட்டம் போட்டுப் பழுக்க வைப்பது பட்டிக்காட்டு வேலை, ஸ்பிரிட்டில் கந்தகத் திராவகம் ஊற்றிச் சூடாக்கினால் எத்திலீன் வாயு வரும், அதை அறைக்குள் விட்டால் வாழைத்தார் சீராகப் பழுக்கும் என்று நாலு வியாபாரிகள் கேட்கச் சொன்னாய். எவ்வளவு சூடு என்று நீ சொல்லவில்லை. ஜமீல் ஸ்பிரிட்டைத் தாராளமாக ஊற்றி, பாத்திரம் வெடிக்குமென்று பயந்து இளஞ்சூட்டிலேயே வைத்தான். சோலை எப்போதும்போல் சிம்னி விளக்கோடு மூட்ட அறைக்குள் போய், காயைத் தொட்டுப் பார்ப்பதற்காக விளக்கைத் தரையில் வைத்தான். தரையிலிருந்தே தீ எழும்பியது. இரண்டு கையும் வெந்துவிட்டன.

நான் போனபோது அங்கே அடித்த வாடை, உன் அத்தாவுக்கு ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுத்தபோது அடித்த அதே வாடை. நீ விட்டுப்போன இங்கிலீஷ் இரசாயனப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன், சின்ன வயதில் பள்ளியில் கன்னியாஸ்திரீகள் எனக்கு இங்கிலீஷ் வாசிக்கக் கற்றுக்கொடுத்தது வீணாகவில்லை. திராவகம் மிகுந்து நல்ல சூடு ஏறினால்தான் ஸ்பிரிட்டிலிருந்து தண்ணீர் பிரிந்து எத்திலீன் வரும், ஸ்பிரிட் மிகுந்து சூடு குறைந்தால் வருவது ஈதர், ஆஸ்பத்திரியில் மயக்கத்துக்குக் கொடுக்கும் அதே மருந்து. ஈதரின் ஆவி கனமானது, தரையில் படியும். எத்திலீனே வந்திருந்தாலும் விளக்குப் பட்டால் பற்றிக்கொள்ளும். நீ பரீட்சை எழுதித் தேறிய பக்கங்களில்தான் இவ்வளவும் இருக்கிறது.

விளக்கைக் கொண்டுபோனது சோலையின் குற்றமென்று சொல்லி ஜமீல் அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டான். நான் சொன்னால், நீங்க எந்தக் காலேஜ்ல படிச்சீங்க என்று சிரிக்கிறான். ஆட்கள் கவனக்குறைவாக இருப்பது வழக்கந்தான் என்று நீ அவனுக்கு எழுதியதையும் வாசித்துக் காட்டினான். சோலையின் பெண்டாட்டி சீனியம்மாள் நேற்று பின்வாசலில் நின்று, "இருட்டுக்குள்ள வெளக்கில்லாம எப்படிம்மா போறது? ஆகாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவுக கொண்டு போயிருப்பாகளா?" என்று கேட்டாள்.

வேளைக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நேர்மையும் தரட்டும். வந்தது என்ன வாயு, ஏன் வந்தது, நீ எதைச் சொல்லாமல் விட்டாய் என்று உன் கையால் தமிழில் எழுதிக் கையெழுத்துப் போடு. அதே நாலு வியாபாரிகள் முன்னால் அதை வாசித்துச் சோலையை மறுபடி வேலையில் வைக்கச் சொல்லப்போகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
மரியம் பீவி

பதிலை ஜமீலுக்கு எழுதாதே. எனக்கு எழுது.