உங்கப்பா பார்த்து வைத்த டிரெய்லர்

அன்பு மகள் தாரிணிக்கு,

அஜ்மானிலிருந்து அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் சுகம், அயர்லாந்தில் கார்க் நகரத்தில் நீயும் உன் ஆஸ்பத்திரி டியூட்டியும் அந்த ஊர் மழையும் ஒன்றையொன்று அனுசரித்துக்கொண்டு நலமாக இருக்க வேண்டும். வீடியோ காலில் தினமும் முகம் பார்க்கிறவளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்தாலே உன் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் நீதிபதி மாதிரி உட்கார்ந்துகொள்கிறார், நான் எதைச் சொல்ல முடிகிறது? மூன்றாவது மாடி அருணா டீச்சர் தங்கையைப் பார்க்க அயர்லாந்து வருகிறாள், அவள் கையில் இதையும் பருப்புப் பொடியையும் கொடுத்தனுப்புகிறேன். டிரெய்லர் என்னாச்சு என்று நீ கேட்கும்போதெல்லாம் அவர் பேச்சை மாற்றினார் இல்லையா, ஏன் என்று இப்போது சொல்கிறேன், உட்கார்ந்து படி.

மார்ச் மாதம் ஒரு நாள் டியூட்டி முடிந்து வந்தவர் ஷூவைக்கூடக் கழற்றாமல் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார். வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற சின்ன டிரெய்லர், உள்ளே ஒரு கட்டில், ஒரு அடுப்பு, கை கழுவ ஒரு சிங்க், நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கிற உயரம். இத்தனை வருடம் ஒரு பெட்ரூம் ஃப்ளாட்டில் மூச்சு முட்டிக்கொண்டு இருக்கிறோம், அதைவிடச் சின்னதாக ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறீர்களே, எவ்வளவு சிரமப்பட்டீர்களோ என்றேன். அவருக்கு அது பாராட்டாகக் கேட்டது. நம்முடைய காரோ ஏசி போட்டால் மேம்பாலம் ஏறவே யோசிக்கிற கார், அது இதை இழுக்குமா என்றால் பார்த்துக்கலாம் என்கிறார். எங்கே நிறுத்துவது, பார்த்துக்கலாம். ஜூன் மாத வெயிலில் அந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்தால் இட்லி மாதிரி வெந்துபோவோமே, அதற்கும் பார்த்துக்கலாம். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று இதில் பாதி நம்பிக்கைகூட அவர் முகத்தில் இல்லை. இதில் நீ வேறு அங்கிருந்து 'வாங்குங்கப்பா, ஜாலியா இருக்கும்' என்றாய். அந்த ஜாலியைக் கூரியரில் அனுப்பி வைப்பாய் என்று நானும் காத்திருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைப் பார்க்க உம் அல் குவைன் போனோம். விற்கிறவர் கலீல் ரஹ்மான், காயல்பட்டினத்துக்காரர், அங்கே மளிகைக் கடை வைத்திருக்கிறார், நல்ல மனிதர். 'புள்ளைங்களுக்காக வாங்குனது அக்கா, இப்ப அதுங்க ரூம் கதவைத் தொறந்தே வெளிய வர்றதில்ல' என்றார். உன் அப்பா உள்ளே ஏறி அலமாரிக் கதவை எட்டுத் தடவை திறந்து மூடிப் பார்த்தார், அவ்வளவுதான் அவருடைய சோதனை. கட்டிலுக்கு அடியில் பலகை தண்ணீரில் ஊறி உப்பியிருந்ததையும் டயரில் விரிசல் விட்டிருந்ததையும் குனிந்து பார்த்தது நான்தான். டயரை மாற்றித் தருகிறேன், இழுக்கிற ஜீப்பையும் சேர்த்தே விற்கிறேன், ஓட்டிப் பாருங்கள் என்று கலீல் ரஹ்மான் சாவியைக் கொடுத்துவிட்டார். கடைக்குப் பின்னால் பெரிய மைதானம். ஜீப்பில் டிரெய்லரை மாட்டிக்கொண்டு முன்னால் போகும்போது மகாராஜா மாதிரிதான் போனார். திரும்பி ரிவர்ஸ் எடுத்தார் பார், வலது பக்கம் ஒரு சிமெண்டுத் தூண், மஞ்சள் பெயிண்ட் அடித்துப் பளிச்சென்று நிற்கிறது. 'நிப்பாட்டுங்க அண்ணே, தூணு, தூணு' என்று அந்த மனிதர் கத்திக்கொண்டே ஓடுகிறார், இவர் நிதானமாகப் போய் அதன் மேல் மோதி டிரெய்லரின் வலது பக்கப் பின் விளக்கை நொறுக்கினார். இறங்கி வந்து வெயில் கண்ணில் அடித்துவிட்டது என்றார். வெயில் ஜீப்புக்கு முன்னால் இருந்தது, அவர் பார்க்க வேண்டியது பின்னால் தாரிணி.

விளக்கின் விலையைக் கொடுக்கப் போனால் கலீல் ரஹ்மான் வாங்க மாட்டேன் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். திரும்பி வருகிற வழியில் பெட்ரோல் பங்க்கில் டீ குடிக்க நிறுத்தினோம். இரண்டு மாதமாக அவர் டிவிக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டது, டம்ளருக்கு வெளியே தண்ணீர் ஊற்றியது, போனில் எழுத்தைப் பூசணிக்காய் சைஸுக்குப் பெரிதாக்கியது எல்லாம் அப்போதுதான் எனக்கு வரிசையாக நினைவுக்கு வந்தது. சட்டென்று என் உள்ளங்கையால் அவருடைய இடது கண்ணைப் பொத்தி, எதிரே இருக்கிற போர்டைப் படியுங்கள் என்றேன். 'எந்த போர்டு?' என்று கேட்டார். லாரி நீளத்துக்கு இருந்தது அந்த போர்டு. கையை எடுக்கவும் எனக்குத் தோன்றவில்லை, அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எட்டு மாதமாம். வலது கண்ணில் எல்லாம் புகை மாதிரி இருக்கிறதாம். 'ஐம்பத்தெட்டு வயசு ஆளுக்குக் கண்ணும் போச்சுன்னா கலாஸ், எல்லாம் முடிஞ்சுது, டிக்கெட்டப் போட்டு அனுப்பிருவாங்க நாகு' என்றார். என்ன அருமையான திட்டம் பார்த்தாயா, கம்பெனிக்குத் தெரியாது, பெண்டாட்டிக்குத் தெரியாது, நர்ஸ் வேலை பார்க்கிற மகளுக்குத் தெரியாது, ஏசி ரிப்பேருக்கு சைட்டுக்குப் போகிற பிக்கப் வண்டியில் இவரை நம்பித் தினமும் ஏறி உட்கார்கிற நாலு டெக்னீஷியன் பையன்களுக்கும் தெரியாது. அந்த நாலு பேருக்கும் ஊரில் அம்மா இருக்கிறாள் என்று மட்டும் சொன்னேன். அதற்குப் பிறகு சாவியை வாங்கிக்கொண்டு வீடு வரைக்கும் நானே ஓட்டினேன், அதைவிடப் பெரிய தண்டனை அவருக்குத் தெரியாது.

மறுநாள் நீங்களே மேனேஜரிடம் சொல்கிறீர்களா, நான் வந்து சொல்லட்டுமா என்றேன். போய்ச் சொன்னார். மேனேஜர் பிக்கப் சாவியை வாங்கி வைத்துக்கொண்டு ஸ்டோரில் உட்காரச் சொன்னார், ஆபரேஷன் முடித்துவிட்டு வா, பேசலாம் என்றார். இதைச் சொல்லத்தான் இந்த மனிதர் எட்டு மாதம் பயந்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் காட்டராக்ட், கண்ணில் புரை என்றார்கள், நன்றாகப் பழுத்துவிட்டதாம், இத்தனை நாள் எதற்குக் காத்திருந்தீர்கள் என்று டாக்டரம்மா கேட்டாள், இவர் என்னைப் பார்க்கிறார், ஏதோ நான் காக்க வைத்த மாதிரி. டோக்கனுக்குக் காத்திருந்தபோதுதான் டிரெய்லர் ஏன் என்று வாயைத் திறந்தார். இருபத்தேழு வருடத்தில் கோர்ஃபக்கானுக்கு நாற்பது தடவையாவது போயிருப்பாராம், எல்லாமே ஹோட்டல் மொட்டை மாடியில் ஏசி ரிப்பேர், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. ராஸ் அல் கைமா மலை, லிவா மணல், எல்லா இடத்துக்கும் போயிருக்கிறார், எதையும் நின்று பார்க்கவில்லை. 'பார்வை இருக்கும்போதே ஒரு தடவை பார்த்துரணும்னு தோணுச்சு' என்றார். நியாயம்தான் என்று ஒத்துக்கொண்டேன். எனக்கே ஆச்சரியம்தான், குறித்து வைத்துக்கொள்.

ஆனால் நீ அவரை அறிவாயே. தூணில் மோதியதும் ஆசையும் உடைந்துவிட்டது, வேண்டாம், விட்டுவிடு, வீண் செலவு என்று நான் சொல்ல வேண்டிய வசனத்தையெல்லாம் அவரே சொல்ல ஆரம்பித்தார். இரண்டு மாதம் நான் கரடியாகக் கத்தியபோது காதில் விழாதது எல்லாம் எங்கே சேர்த்து வைத்திருந்தாரோ. ஆபரேஷனுக்கு நாள் குறித்த அன்று கலீல் ரஹ்மானுக்கு நானே போன் போட்டேன். ஊறிய பலகையை மாற்றித் தர வேண்டும், கதவை நிழல் பக்கம் திருப்பி நிறுத்தி வைக்க வேண்டும், எங்கள் காரை விற்றதும் ஜீப்பையும் டிரெய்லரையும் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றேன். 'அண்ணன் ஓட்டுவாரா அக்கா?' என்று பயந்துகொண்டே கேட்டார். அண்ணன் ஓட்ட மாட்டார், நான் ஓட்டுவேன் என்றேன். ஐந்தாவது தடவையில் பாஸ் ஆனாலும் லைசென்ஸ் லைசென்ஸ்தான், ஆறு வருடமாக உன் அப்பா அதைக் காய்கறி வாங்கப் போவதற்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தார். கலீல் ரஹ்மான் அந்த மைதானத்தில் மூன்று ஞாயிறு எனக்கு ரிவர்ஸ் சொல்லிக்கொடுத்தார். தூண் இன்னும் அப்படியே இருக்கிறது, நான் தொடவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீடியோ காலில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வெயில் ஜாஸ்தி என்றாரே, அது அந்த வாரம்தான், நீயும் நம்பினாய், நன்றாகத்தான் நர்ஸிங் படிக்க வைத்திருக்கிறோம். கட்டு பிரித்து நாலு நாள் கழித்து டிரெய்லரைக் காட்டினேன். சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, 'இவ்வளவு கீறலா, பளபளன்னு இருக்கும்னு நெனச்சேன், மங்கிப்போயில்ல இருக்கு, என்னையக் கேக்காம இதப் போயி ஏன் வாங்குன?' என்கிறார். கம்பெனியில் ஒரு வருடத்துக்கு மட்டும் வேலையை நீட்டித்திருக்கிறார்கள், அதற்கப்புறம் என்ன என்று எங்களுக்கும் தெரியாது. போன வாரம் கோர்ஃபக்கான் போய்வந்தோம். வழி நெடுக பிரேக் பிடி, லேன் மாறாதே என்று சொல்லிக்கொண்டே வந்தவர், அங்கே இறங்கி மடக்கு நாற்காலியைக் கடலைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்தார். நான் தோசை சுட்டு முடிக்கிற வரைக்கும் ஒரு வார்த்தை இல்லை. முப்பது வருடத்தில் எனக்குக் கிடைத்த முதல் நிம்மதி அது.

நீ நூறாண்டு ஆரோக்கியமாக இருக்க வேண்டும், நல்ல மனதோடு, நிறைவோடு இருக்க வேண்டும். லீவு எப்போது கிடைத்தாலும் வா, டிரெய்லரில் உனக்கும் படுக்க இடம் உண்டு, கால் இரண்டையும் மட்டும் அங்கேயே வைத்துவிட்டு வா, நீட்ட இடமில்லை. இந்தக் கதை உனக்குத் தெரிந்ததாக அவரிடம் காட்டிக்கொள்ளாதே. இன்னொன்று. போன மாதம் மூன்று தடவை பேசும்போது நீ கேமராவைப் போடவே இல்லை, நெட் சரியில்லை என்றாய். நீ அந்த மனிதரின் மகள் என்பது எனக்குத் தெரியும். எதுவாக இருந்தாலும் எட்டு மாதம் வைத்திருக்காமல் இப்போதே அம்மாவிடம் சொல்லு.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
நாகஜோதி