செல்வி டீச்சர் மறைக்கவில்லை

செவ்வாய், இரவு

நேற்று ஸ்டாஃப் ரூமில் கணக்கு டீச்சர் செல்வி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். மூச்சு வாங்கியது, கை நடுங்கியது. வலிப்பு என்று நினைத்து நான்தான் சாவிக்கொத்தை அவர் கையில் திணித்தேன். ஹார்ட் அட்டாக் என்று பயந்து ஹெச்.எம். அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

இன்று காலை செல்வி வந்தார். எல்லார் முன்னாலும் நின்று சொன்னார்: "எனக்கு வந்தது பேனிக் அட்டாக். காரணமே இல்லாம திடீர்னு வர்ற பயம், படபடப்பு. ஈசிஜி, ரத்தம், சுகர் அம்புட்டும் பாத்துட்டுத்தான் டாக்டர் சொன்னாரு. பாக்க ஹார்ட் அட்டாக் மாதிரியே இருக்குமாம். எதுன்னு நாமளா முடிவு பண்ணக் கூடாதாம்."

தமிழாசிரியர் இழுத்தார். "அப்ப மனசுல ஏதும் கோளாறா டீச்சர்?"

"ஆமாண்ணே. அதுக்கும் வைத்தியம் பாக்கப் போறேன். மறுபடி வந்தா பக்கத்துல உக்காந்து மெதுவாப் பேசுங்க, போதும்."

சொல்லிவிட்டு எட்டாம் வகுப்புக்குக் கிளம்பிவிட்டார். என்ன துணிச்சல்! நானாக இருந்தால் மயக்கம் என்று மழுப்பியிருப்பேன்.

மழுப்பித்தான் இருக்கிறேன். போன மாதம் திருமங்கலம் பஸ்ஸில் எனக்கும் நெஞ்சு இப்படித்தான் அடித்துக்கொண்டது. வாயு என்று சோடா குடித்தேன். வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை.

சற்று முன் செல்விக்கு போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "காலைல டாக்டர்கிட்டப் போவோம் டீச்சர், நானும் வாரேன்" என்றார்.