அறைக்கு வெளியே நின்ற அட்மின்

இன்று காலை திண்டிவனம் கிளையைத் திறந்து, மேசையை ஸ்பிரிட் ஊற்றித் துடைத்துவிட்டுக் கணினியைப் போட்டேன். திரையில் ஒரு சின்னப் பெட்டி எழுந்தது. ரிப்போர்ட் எடுக்கும் மென்பொருளின் புதுப் பதிப்பு நேற்று மாலை ஏற்றப்பட்டிருக்கிறதாம். ஏற்றியவர் என்ற இடத்தில் உன் பெயர்.

கோலியனூர்க் கல்லறையில் உன் சிலுவைக்கு அடித்த பெயின்ட் இதற்குள் மழையில் உரிய ஆரம்பித்துவிட்டது.

பேய்க்குப் பயப்படுகிறவள் இல்லை நான். மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்தில், சாமியாடுகிறவர்களுக்கு நடுவே நின்று மல்லாட்டைக் கடலை உரித்துத் தின்றவர்கள் நாம். ஆனால் இது பேய் வேலை இல்லை. உயிரோடு இருக்கிற யாரோ ஒருவர் உன் பெயருக்குள் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருக்கிறார்.

நம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் தலைமை இடம் விழுப்புரம். சர்வர் அங்கேதான், நீயும் அங்கேதான். மென்பொருள்கள் எல்லாம் அதிலுள்ள ஒரு பொது ஃபோல்டரில் இருக்கும். எங்கள் கணினியில் எதையும் ஏற்ற எங்களுக்கு உரிமை இல்லை. அந்த அட்மின் உரிமை உனக்கு மட்டும். ஆரம்பத்தில் நான் சண்டை போட்டேன்.

"ஒரு பிரிண்டர் போடக்கூட உன்னக் கேக்கணுமாடி? நீ இன்னா கலெக்டரா?"

"எல்லாருக்கும் சாவி குடுத்தா அப்புறம் பூட்டு இன்னாத்துக்குடி?" என்று சிரித்தாய்.

சர்வர் இருந்த அறைக்குள்தான் முதலாளி சாமிப் படங்களையும் மாட்டியிருந்தார். வேலைக்குச் சேர்ந்த அன்றே மேனேஜர் உன்னிடம் கேட்டார்.

"கோலியனூர்ல எந்தப் பக்கம்மா?"

"சர்ச்சுப் பக்கம் சார்."

ஊரா காலனியா என்று தெரிந்துகொள்ள அது போதுமாக இருந்தது அவருக்கு. "உள்ள சாமி இருக்குது, நீ வெளிய இருந்தே பாத்துக்கம்மா" என்றார். ஏசி மெக்கானிக் போனான், தண்ணீர் கேன் போடுகிறவன் போனான். நீ மட்டும் போகவில்லை. பத்துக் கிளைக் கணினிகளுக்கும் கதவு திறக்கிற உரிமை உன் பெயரில் இருந்தது. அந்த ஒரு மரக்கதவைத் தாண்டும் உரிமை உனக்கு இல்லை. நான் கொதித்தேன். "பேஜாரு பண்ணாதடி. வேலை வேணும், அண்ணனுக்கு ஒண்ணும் அமையல, வீட்ல அம்மா மட்டுந்தான் கூலிக்குப் போறாங்க" என்று என் வாயை அடைத்தாய்.

சர்வர் அடம்பிடிக்கும் நாட்களில் மேனேஜர் உள்ளே உட்காருவார். நீ நிலைப்படிக்கு வெளியே நின்று, எதை அழுத்த வேண்டும் என்று சொல்லுவாய். உன் பாஸ்வேர்டையும் சத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கும். வேலை முடிந்ததும் ஒவ்வொரு முறையும், "லாக் அவுட் பண்ணிடுங்க சார்" என்பாய். ஒருநாள் நீ அப்படிக் கேட்டபோது, விழுப்புரம் வந்திருந்த நானும் பக்கத்தில் இருந்தேன்.

"ஒவ்வொரு வாட்டியும் உன்னக் கூப்ட்டுக்கினு கெடக்க முடியுமா? இருக்கட்டும் வுடும்மா" என்றார் மேனேஜர். உள்ளே போய் அதை மூட உன்னால் முடியவில்லை. உன் பெயர் அந்த அறைக்குள் திறந்தபடியே கிடந்தது.

பிறகு அந்தப் புதுப் பதிப்பு வந்தது. "இது விழுப்புரம் மெஷினுக்கு மட்டுந்தான் சார். திண்டிவனத்து மெஷின் வேற. அங்க போட்டா ஒருத்தர் ரிசல்ட் அடுத்தவர் பேர்ல எறங்கிடும்" என்று நீ சொன்னாய். அவர் அவசரக்காரர். திறந்து கிடந்த உன் பெயரிலேயே எங்களுக்கும் போட்டுவிட்டார். அன்று மேல்மலையனூர்ப் பக்கத்துக் கூலிக்காரர் ஒருவர் ரிப்போர்ட்டை என்னிடம் வாங்கிப் பார்த்து, "சுகர் இல்லியாம்மா? கேப்பைக் கூழே குடிச்சிக்கினு கெடந்தேன். இனிமே சோறு துன்னலாமா?" என்று கேட்டார். அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டு வீட்டிலேயே மயங்கி விழுந்தவர் எழவில்லை.

அந்தப் பதிப்பை எடுத்துவிட்டு, யார் ஏற்றியது என்று பார்த்தார்கள். உன் பெயர். முதலாளி உன்மேல் புகார் கொடுத்தார். "நான் அந்த ரூமுக்குள்ளயே போனதில்லீங்க" என்று நீ சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. மறுபடியும் விசாரணைக்கு ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். ஸ்கூட்டியில் போன உன்னை வழியில் லாரி அடித்தது. "பாவந்தான். ஆனா பிரச்சனை அதோட முடிஞ்சிது" என்று உன் அடக்கத்தன்று மேனேஜர் போனில் யாரிடமோ சொன்னார். அதை நான் கேட்டேன்.

இன்று அவரைப் போனில் கூப்பிட்டேன். "சார், அதே பதிப்பு மறுபடியும் ஏறியிருக்குது. அவ பேர்ல."

"அதுல செட்டிங் மாத்திட்டாங்கம்மா, ஒண்ணும் ஆவாது. பேருக்கு இன்னா? செத்தவ வந்து கேக்கப் போறாளா?"

நம்பவில்லை. முதலில் என் ரத்தத்தை மெஷினில் வைத்தேன். அடுத்து, பெஞ்சில் காத்திருந்த பெரியவருடையது. விரலில் குத்திப் பார்க்கும் சின்ன மீட்டரில் அவருக்கு சர்க்கரை எகிறிக் கிடந்தது. அச்சில் வந்த ரிப்போர்ட்டில் அவர் பெயருக்கு நேரே என் அளவு இருந்தது. அவரை அரசு மருத்துவமனைக்கு ஆட்டோ ஏற்றி அனுப்பினேன். மெஷினை நிறுத்தினேன். மற்றவர்களையும் அங்கேயே போகச் சொன்னேன்.

மெஷின் நின்றது தெரிந்து மறுபடி அவரே போன் செய்தார். இந்த முறை குரலில் தேன்.

"உனக்கே அட்மின் தர்றேம்மா. ஸ்கிரீன்ல பாரு, பேரு கேக்கும். உன் பேர அடி. அந்தப் பழைய பேரு தானா அழிஞ்சிடும். சம்பளமும் பாத்துப் பண்ணலாம். நான் வந்துக்கினே இருக்கேன், விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டிட்டேன். அதுவரைக்கும் வேற எதையும் தொடாத, யாரான்ட்டயும் பேசாத."

அவர் வருவதற்குள் இதை எழுதுகிறேன். காலையில் திரையில் வந்த பெட்டியைத் தேதியோடு போனில் படம் எடுத்திருக்கிறேன். இறந்தவள் நேற்று மாலை மென்பொருள் ஏற்றியிருக்கிறாள் என்றால், அன்றைக்கும் ஏற்றியது அவள் இல்லை. இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். உன் அண்ணனுக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டார். "வர்றேன்" என்று மட்டும் குரல் பதிவு, பின்னால் பைக் சத்தம்.

யார் முதலில் வருவார் என்று தெரியவில்லை. இந்த வேலை போகும். என் பெயரிலும் ஒரு புகார் வரலாம். நீ நிலைப்படியில் நின்று சொன்ன அந்த ஒரு வரிதான் காதில் ஓடிக்கொண்டே இருக்கிறது, லாக் அவுட் பண்ணிடுங்க சார் என்று. கெஞ்சிக் கேட்டாய். நான் கெஞ்சப் போவதில்லை.

வாசலில் கார்க் கதவு சாத்தும் சத்தம். திரையில் பெயர் கேட்கும் கட்டம் இன்னும் காலியாகவே இருக்கிறது.